அலோய்ஸின் வலது கை

அலோய்ஸின் வலது கை ஜனவரியில் உடைந்தது. பரணிலிருந்து உலர்புல் தள்ள ஏணியில் ஏறியவன், படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கித் தோள் அடிபட விழுந்தான். டாக்டர் கையை மடக்கி மார்போடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் முதல் அந்த வீட்டுப் பாலை முதுகுக் கேனில் சுமந்துகொண்டு எங்கள் பால்கூடத்துக்கு வந்தது அவன் மனைவி ஒட்டிலியா.

பால்கூடம் என்றால் நானும் என் கணவர் ஃப்ரிடொலினும்தான். மேட்டுப் பண்ணைகளிலிருந்து காலையும் மாலையும் பால் வரும். நான் அளந்து வாங்குவேன், அவர் செப்புக் கொப்பரையில் காய்ச்சிச் சீஸ் ஆக்குவார். பிறகு நான் நிலவறைக்குப் போய், அடுக்கிவைத்த சீஸ் வட்டுகளை மூலிகை போட்ட உப்புநீரில் துணி நனைத்துத் துடைத்துத் திருப்பி வைப்பேன். அந்த உப்புநீரில் என்னென்ன மூலிகை சேர்கிறது என்று ஃப்ரிடொலின் இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. அப்பா மகனுக்குச் சொல்கிற ரகசியமாம். எங்களுக்கு மகன் இல்லை, பிள்ளையே இல்லை. ஆனாலும் சொல்ல மாட்டார். கையில் ஏறுகிற நாற்றம் மட்டும் எனக்கு.

நான் சூரிச்சில் பிறந்தவள். ரெகுலா என்று பெயர் இருந்தாலும் இந்த மலையில் எல்லோருக்கும் நான் ‘சூரிச்காரி’. அங்கே இருந்தவரை ஓட்டுப் போட்டவள். அப்பென்ஸெல் மலைக்காரனைக் கட்டிக்கொண்டு வந்ததும், இந்த மாநிலத்து விஷயம் எதிலும் எனக்கு வாய் இல்லை என்று ஆகிவிட்டது. இங்கே ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பென்ஸெல் ஊர்ச் சதுக்கத்தில், கயிறு கட்டிய வளையத்துக்குள் ஆண்கள் மட்டும் நின்று கை தூக்கித்தான் எல்லாம் முடிவாகும். போர்வையும் பாத்திரமும் கொண்டுவந்தேன், ஓட்டை மட்டும் ரயிலில் விட்டுவிட்டேன் என்று வேடிக்கையாகச் சொல்வேன். உள்ளுக்குள் எரிந்துகொண்டுதான் சொல்வேன்.

வேடிக்கை இதோடு நிற்கவில்லை. பெர்னில் இருக்கிற நாட்டு அரசாங்கம் கேட்கிற கேள்விகளுக்கு மட்டும் பெண்களான எங்களுக்கும் ஓட்டுச்சீட்டு வரும். அலோய்ஸ் விழுவதற்கு முந்தைய நவம்பரில், 1989இல், நாட்டுக்கு ராணுவம் வேண்டுமா வேண்டாமா என்று எங்களைக் கேட்டார்கள். நானும் ஒட்டிலியாவும் யோசித்துப் பதில் எழுதினோம். ஆனால் அவள் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் எந்த வழியாக வர வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவள் செய்த வேலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். விடியுமுன் கறவை, சாணி வாருவது, புல் தள்ளுவது, பிறகு பால் சுமந்து இறக்கம். சாயங்காலம் மறுபடியும் அதே. நடுவில் ஒரு பசு கன்று போட்டது, அதையும் அவளே இழுத்துப் போட்டாள். பால்கூடத்து வாசலில் ஆண்கள் புகையிலை பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர்களில் பாப்டிஸ்ட் என்கிற கீழ்ப்பண்ணைக்காரனுக்கு வாய் ஓயாது.

“என்ன ஒட்டிலியா, புருஷன் கையையும் நீயே மாட்டிக்கிட்டியா? மூணு கையால வேல பாக்கற.”

“வேணும்னா ஒண்ண உனக்குத் தரேன் பாப்டிஸ்ட். உன்னோட ரெண்டும் பைப்பப் பிடிக்கவே சரியா இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள், பாப்டிஸ்டும் சிரித்தான். இந்த மலையில் நக்கலுக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஆனால் யாரும் மறப்பதும் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியபோது டாக்டர் கட்டை அவிழ்த்துவிட்டார். எலும்பு கூடிவிட்டது, இனி கையைப் பழக்க வேண்டும், தினமும் ஒரு துடைப்பக்கட்டையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கு என்றாராம். அதற்குப் பிறகும் பால் சுமந்து வந்தது ஒட்டிலியாதான்.

அந்த நாட்களில் ஒருமுறை, சீஸ் வடித்த நீரை அவர்கள் பன்றிகளுக்காக வேனில் ஏற்றிக்கொண்டு மேலே போனேன். வழியிலேயே அவளைப் பார்த்தேன். வீட்டுப்பக்கச் சின்ன ஊற்றின் குழாய் உறைந்துபோயிருந்தது. கீழே ஓடையில் மொண்டு, அவளும் மகள் வெரேனாவும் வாளி வாளியாக மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாயின் பாவாடை ஓரம் நனைந்து உறைந்து தகரமாக ஆடியது. பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிற வெரேனா, குதிகால் வழுக்கிய ஒவ்வொரு தடவையும் தண்ணீரைச் சிந்தாமல் நின்று பெருமூச்சு விட்டாள்.

உள்ளே போனதும் மக்ரோனியில் சீஸைத் தூவி, பக்கத்தில் ஆப்பிள் கூழ் வைத்து எனக்கும் ஒரு தட்டு போட்டாள் ஒட்டிலியா. அலோய்ஸ் அடுப்போர பெஞ்சில் இருந்தான். நல்லவன். குடித்துவிட்டு ஆடமாட்டான், கை நீட்டமாட்டான். மாட்டுக்கு முடியவில்லை என்றால் அழுதே விடுவான். நாலு பேர் நடுவில் மட்டும் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“தோள் எப்படி இருக்கு அலோய்ஸ்?” என்று கேட்டேன்.

“பரவால்ல. தூக்கினா குத்துது.”

“தூக்கிப் பாத்தாதான குத்துதா இல்லயான்னு தெரியும்,” என்றாள் ஒட்டிலியா. “டாக்டர் சொன்ன தொடப்பக்கட்ட அதோ நிக்குது பாரு. அடுப்போரம் நின்னு குளிர் காயுது.”

அவன் பொய் சொன்னான் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. முதலில் உண்மையாகவே வலித்தது. பிறகு வலி போய்விட்டது, சும்மா இருக்கிற வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. வேலை எப்படியோ நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருக்கிற வேலையை யார் செய்கிறார்கள் என்று எவனும் எழுந்து பார்ப்பதில்லை.

“ஓடைலேந்து எதுக்கு மொள்ளணும்? மேட்டுப் பண்ணைக்கெல்லாம் குழாய் வருதுன்னாங்களே,” என்றேன்.

ஒட்டிலியா கரண்டியைக் கீழே வைத்தாள். “உனக்குத் தெரியாதா அந்தக் கத? போன மே மாசம் மதுக்கட மாடியில கூட்டம் போட்டாங்க. வீட்டுக்கு ஒரு ஆம்பள. பெரிய ஊத்து எங்க நிலத்துலதான் பொறக்குது. குழாய மேலேந்து எறக்கினா தண்ணி தானா ஓடும், பம்பு வேண்டாம், எல்லாருக்கும் வரும். இதத்தான் இவனுக்கு ராத்திரி பூரா சொல்லிக் குடுத்தேன். இங்க உக்காந்து ஒரு எழுத்து விடாம ஒப்பிச்சான். கூட்டத்துல எந்திரிச்சான். தொப்பியக் கழட்டினான். மறுபடியும் போட்டுக்கிட்டு உக்காந்துட்டான்.”

“எல்லாரும் என்னையே பாத்தாங்க,” என்றான் அலோய்ஸ்.

“பேச எந்திரிச்சவனப் பாக்காம செவுத்தயா பாப்பாங்க? குழாய் பாப்டிஸ்ட் பக்கமாப் போச்சு. எங்க தண்ணி அவன் தொட்டியில விழுது.”

“நீ எங்க இருந்த அப்ப?”

“காபித் தட்டோட கதவோரமா. ஒவ்வொரு வார்த்தையும் என் வாய் வரைக்கும் வந்து நின்னுது ரெகுலா. ஆனா பாலு வேணுமா சக்கர வேணுமான்னுதான் கேக்க முடிஞ்சுது.”

வெரேனா தட்டைச் சுரண்டினாள். பிறகு ஒட்டிலியா புருஷன் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“அலோய்ஸ், ஏப்ரல் கடைசி ஞாயித்துக்கெழம சதுக்கத்துல கேக்கப் போறாங்க. பொம்பளைங்களயும் வளையத்துக்குள்ள விடலாமான்னு. நீ பேச வேண்டாம். தொப்பியக் கழட்ட வேண்டாம். ஒரு கையத் தூக்கணும், அவ்வளவுதான். வலது வலிச்சா எடது. நான் இந்த வீட்டுல உன்கிட்ட வேற என்ன கேட்டேன்?”

“ஒண்ணும் கேட்டதில்ல,” என்றான் அவன். உண்மையாகவே யோசித்துவிட்டுத்தான் சொன்னான். “தூக்கறேன்.”

“ரெகுலா கேட்டுக்கிட்டா.”

“சூரிச்காரி கேட்டா ஊரே கேட்ட மாதிரி,” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். ஒட்டிலியா மட்டும் சிரிக்காமல் எனக்கு இன்னொரு கரண்டி மக்ரோனி வைத்தாள்.

ஏப்ரலில் அந்தக் கடைசி வாரம் தெற்கிலிருந்து சூட்டுக் காற்று இறங்கியது. அது அடித்தால் மலை ஒரே நாளில் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும், ஆட்களுக்குத் தலைவலி வரும், மாடுகள் கட்டுத்தறியில் நிற்காது. பனி உருகிப் பாதையெல்லாம் சேறு. பால்கூடத்து வாசலில் அதே பேச்சுதான். சதுக்கம் பத்தாது என்பது பெரிய வாதமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆண்களே தோளோடு தோள் இடித்து நிற்கிறார்கள், பெண்களும் வந்தால் எங்கே நிற்பது?

“ஓட்டுரிம உள்ளவன்னு அடையாளத்துக்கு நாங்க இடுப்புல வாள் கட்டிக்கிட்டுப் போறோம்,” என்றான் பாப்டிஸ்ட். “நீங்க எதக் கட்டிக்கிட்டு வருவீங்க? கொடையா?”

“மழ வந்தா நீயே என் கொடைக்குள்ள வந்து நிப்ப,” என்றாள் ஒட்டிலியா. “எடம் பத்தலன்னா ஒண்ணு செய்யி. நீ ஒருத்தன் வீட்டுல இரு. அந்த எடத்துல நாங்க மூணு பேரு நிப்போம்.”

அவனுடைய வயிற்றைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அவன் பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினான்.

“அது சரி. அலோய்ஸ் என்ன சொல்றான்?”

“அவனையே கேளு.”

“கேட்டேனே. பாக்கலாம்னான்.”

ஒட்டிலியா கேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்த கேனை மறுபடியும் கழுவினாள்.

எதிர்ப்பு ஆண்களோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நான் முட்டை வாங்கப் போன இடத்தில் பாப்டிஸ்டின் மனைவி அகாத்தா என்னைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு இந்தத் தொல்ல வேண்டாம் ரெகுலா. நான் வீட்டுல சொல்றதுக்குத்தான் அவன் சதுக்கத்துல கை தூக்கறான். ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு கை?”

“உன் புருஷன் தூக்கறான். தூக்காத புருஷன் வீட்டுல? புருஷனே இல்லாத வீட்டுல?”

“அதெல்லாம் அவங்கவங்க தலையெழுத்து,” என்று சொல்லிவிட்டு முட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கூடையில் வைத்தாள். எனக்கு அன்று ஏற்பட்ட ஆத்திரம் பாப்டிஸ்ட் மேல்கூட ஏற்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்களை வேனில் கூட்டிப்போக மேலே போனபோது, அலோய்ஸ் சமையலறை நடுவில் கைகளைத் தொங்கப் போட்டு நின்றுகொண்டிருந்தான். ஒட்டிலியா அவனுக்கு உடுத்திவிட்டுக்கொண்டிருந்தாள். வலது தோளை அசைக்காமல் சட்டைக் கையை மெதுவாக ஏற்றி, பொத்தான்களைப் பூட்டி, கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டாள். பிறகு மேசைமேல் இருந்த வாளை எடுத்தாள். அவன் பாட்டன் காலத்து வாள். முந்தின நாள் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்தது அவள்தான், கைப்பிடி பளபளவென்று இருந்தது. மகன் இல்லாத வீடு என்பதால் அது அலோய்ஸின் அண்ணன் மகனுக்குப் போகும் என்று ஏற்கெனவே பேச்சு.

குனிந்து அவன் இடுப்பைச் சுற்றி வாரைக் கட்டினாள். வாரின் ஓட்டை எட்டவில்லை. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்ததில் சதை போட்டிருந்தான். ஆணியால் இன்னோர் ஓட்டை போட்டு இறுக்கினாள்.

“எடது கைக்கு வாள் எடஞ்சலா இருக்கா?”

“இல்ல.”

“எடதத் தூக்கிக் காட்டு.”

தூக்கிக் காட்டினான். நன்றாகவே உயர்ந்தது. வெரேனா கைதட்டினாள்.

அப்பென்ஸெலில் காற்று நின்றுபோய் வானம் இறுகிக் கிடந்தது. தேவாலயத்தில் பூசை முடிந்து, மேளம் முன்னால் வர, கறுப்பு அங்கி போட்ட தலைவர்கள் சதுக்கத்துக்குள் நுழைந்தார்கள். கயிறு கட்டிய வளையத்துக்குள் ஆண்கள். கயிற்றுக்கு வெளியே நாங்கள். சன்னல்களிலும் பெண்கள், கையில் இந்த நாளுக்கென்று சுடுகிற கொட்டைப் பலகாரம். நானும் ஒரு பொட்டலம் வாங்கினேன், மூவரும் தொடவில்லை. வளையத்துக்குள் அலோய்ஸைத் தேடுவது சிரமமாக இல்லை. கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்றான், எங்கள் கண்ணுக்கு நேராக. அவனுக்கு ஒரு பக்கம் பாப்டிஸ்ட், கொஞ்சம் தள்ளி ஃப்ரிடொலின்.

ஆரம்பத்தில் உறுதிமொழி. வளையத்தில் இருக்கிற ஒவ்வொருவனும் வலது கையில் மூன்று விரல் நீட்டி உயர்த்த வேண்டும். அலோய்ஸின் வலது கை மார்புவரை வந்து நின்றது. இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். பக்கத்திலிருந்தவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

“பாவம், வலிக்குது போல,” என்றேன்.

“இருக்கட்டும். அவனுக்கு எடது இருக்கு,” என்றாள் ஒட்டிலியா.

தேர்தல்கள், வேறு சட்டங்கள் எல்லாம் முடிந்து எங்கள் கேள்விக்கு வந்தார்கள். மேடைக்கு ஏறி ஒருவர் ஆதரித்துப் பேசினார், ஒருவர் எதிர்த்துப் பேசினார். சதுக்கம் பத்தாது என்பதை அங்கேயும் யாரோ முணுமுணுத்தார்கள். பிறகு மேடையிலிருந்து தலைவர் கேட்டார். ஏற்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். எண்ணிக்கை கிடையாது, மேடையிலிருந்து கண்ணால் பார்த்துத்தான் முடிவு. அதனால் பார்த்து முடியும்வரை கையை இறக்கக் கூடாது.

கைகள் எழுந்தன. ஃப்ரிடொலினின் கை எழுந்தது. சீஸ் கொப்பரையைக் கிளறுகிற அந்தப் பருத்த கையை அவ்வளவு உயரத்தில் நான் பார்த்ததில்லை. மூலிகை ரகசியத்தையெல்லாம் அந்த நிமிஷம் மன்னித்தேன். அலோய்ஸ் அசையவில்லை. இடது கை வாளின் பிடியில் இருந்தது. கேள்வி அவன் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். பாப்டிஸ்ட் அவனைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் இறங்கின.

மறுப்பவர்கள் என்றார் தலைவர். சதுக்கம் முழுக்க ஒரே நேரத்தில் கைகள் கிளம்பின. அவற்றோடு அலோய்ஸின் கையும் போனது. வலது கை. தோளுக்கு மேலே, காதுக்கு மேலே, தொப்பிக்கும் மேலே நேராகப் போய் நின்றது. விரல்கள்கூட விரிந்திருந்தன.

“அம்மா,” என்றாள் வெரேனா. “அப்பாவோட வலது கை.”

“பாக்கறேன்.”

மேடைக்காரர்கள் பார்த்து முடிக்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை, நடுங்கவும் இல்லை. வேண்டாம் என்பது பெரும்பான்மை என்றார்கள். சன்னல் ஒன்றிலிருந்து யாரோ சீட்டி அடித்தார்கள். ஒட்டிலியா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, வேன் இருக்கும் பக்கம் நடந்தாள்.

திரும்பி வரும்போது முன்சீட்டில் நானும் ஃப்ரிடொலினும், பின்னால் அவர்கள் மூவரும். அலோய்ஸ் வாளைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். ஏற்றத்தில் வண்டி உறுமியபோது ஒட்டிலியா சாதாரணமாகக் கேட்டாள்.

“தோள் வலிக்குதா?”

“கொஞ்சம்,” என்றான்.

அன்று சாயங்காலம் எல்லோர் பாலும் வந்தது. அகாத்தாகூட ஒரு தட்டுப் பலகாரத்தோடு வந்து போனாள். ஒட்டிலியாவின் பால் வரவில்லை. ஃப்ரிடொலின் கொப்பரைக்கு முன்னால் குட்டி போட்ட பூனையாக நடந்தார். “போய்ப் பாரு. அவ ஒருநாளும் நேரம் தப்பினதில்ல,” என்றார். பாலைப் பற்றிய கவலை மட்டும் அல்ல அது.

பாதித் தூரத்திலேயே மாடுகள் கத்துவது கேட்டது. மடி கனத்த மாட்டின் கத்தல் தனியாகத் தெரியும். வேனைச் சேற்றில் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஏதோ ஆகிவிட்டது, யாரோ விழுந்துவிட்டார்கள் என்றுதான் ஓடினேன்.

தொழுவத்து வாசலில், இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு, இடுப்புயரத்தில் கன்று கட்டும் கயிறு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அதற்கு வெளியே ஒட்டிலியா நின்றுகொண்டிருந்தாள், சதுக்கத்துக்குப் போன அதே உடையில், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு. பக்கத்தில் வெரேனா. உள்ளே அலோய்ஸ் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு முக்காலியில் உட்கார்ந்து ப்ளூமி என்கிற பசுவின் மடியைப் பிடித்துக்கொண்டிருந்தான். வாளியில் சத்தமே இல்லை.

“ஒட்டிலி, கை முடியல,” என்றான்.

“மத்தியானம் முடிஞ்சுதே.”

“பாப்டிஸ்ட் என்னையே பாத்துட்டிருந்தான். எல்லாரும் தூக்கினாங்க. அது தானாப் போச்சு ஒட்டிலி. சத்தியமா நான் தூக்கல. தானாப் போச்சு.”

“தானாப் போற கைன்னா நல்லதாப் போச்சு. மடிகிட்ட வை, தானாக் கறக்கும்.”

ப்ளூமி காலை உதறியது. வாளி உருண்டது. ஜனவரியிலிருந்து ஒட்டிலியாவின் கையைத் தவிர வேறு கை படாத மாடு, அவனுக்கு எப்படிச் சுரக்கும்? பின்வரிசையில் கன்று போட்ட பசு கழுத்தை நீட்டிக் கத்தியது. எனக்குத் தாங்கவில்லை. மாடு என்ன பாவம் செய்தது? குனிந்து கயிற்றைத் தூக்கப் போனேன். ஒட்டிலியா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நீயும் இந்தப் பக்கந்தான் ரெகுலா.”

அவள் குரலில் கோபம் இல்லை. ஞாபகப்படுத்தினாள், அவ்வளவுதான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷம் இந்த மலையில் சீஸ் துடைத்தவள் நான், என்னை இந்த மலைக்காரி என்று முதன்முதலில் ஒருத்தி சொன்னது இப்படித்தான்.

“ப்ளூமிகிட்ட நீ என்னமோ சொல்லுவியே,” என்றான் அலோய்ஸ் உள்ளேயிருந்து. “என்ன சொல்லுவ? சொல்லேன்.”

“கயித்துக்கு வெளிய நிக்கிறவங்க பேசக் கூடாது. அது உங்க சட்டம்.”

அவன் நெற்றியை மாட்டின் வயிற்றில் சாய்த்துக்கொண்டான். அழுதான் என்று நினைக்கிறேன், முதுகு குலுங்கியது. அப்புறம் அப்படியே மாட்டோடு பேச ஆரம்பித்தான், என்ன பேசினான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாளியின் அடியில் ஒரு கீற்று விழுந்தது. இன்னொன்று. இடது கையின் சத்தம் கனமாகவும் வலது கையின் சத்தம் மெலிந்தும் கேட்டது. ஒட்டிலியாவைப் பார்த்தேன். அக்குளுக்குள் அவள் விரல்கள் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தன, தானே கறப்பதுபோல. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ஒன்றன்பின் ஒன்றாக எல்லா மாட்டையும் கறந்தான். அரைகுறையாகத்தான், ஆனாலும் கத்தல் அடங்கியது. நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கிச் சொன்னான்:

“இந்த மே மாசக் கூட்டத்துல குழாயப் பத்தி நான் பேசறேன் ஒட்டிலி. நிச்சயமாப் பேசறேன்.”

“பேசு. தண்ணி வந்தா நல்லதுதான்,” என்றாள். பேசக் கூடாது என்ற சட்டத்தை அவளே மறந்துவிட்டாள் போல. “ஆனா நான் உன்கிட்ட கேட்டது தண்ணியில்ல. என் வாய்ல வர்றத நானே சொல்லணும்னு கேட்டேன். அதுக்கு நீ உன் வாயக் குடுத்தா நான் என்ன செய்ய?”

அவன் மறுபடியும் மடிக்குக் குனிந்தான். ஃப்ரிடொலினின் உயர்ந்த கையைப் பார்த்துச் சதுக்கத்தில் நான் உருகி நின்றது ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது. என் விஷயத்துக்கு இன்னொருவர் கை தூக்கியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அலோய்ஸ் கேனை முதுகில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். கயிறு அவன் இடுப்பில் தட்டியது. அப்படியே நின்றான். கேனைச் சுமந்துகொண்டு குனிய முடியாது, யாராவது கயிற்றைத் தூக்க வேண்டும். தன்னையறியாமல் ஒட்டிலியாவைப் பார்த்தான், அவள் தூக்குவாள் என்று. ஒட்டிலியா சும்மா நின்றாள். வெரேனாவின் கை லேசாக அசைந்தது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

அவன் கேனைக் கழற்றிக் கீழே வைத்தான். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான், கன்றுக்குப் போடுகிற முடிச்சு, இறுகிப்போயிருந்தது. கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு தூணின் பக்கமாகக் கயிற்றுக்கு அடியில் வலது கையைக் கொடுத்து அதைத் தூக்கினான். தூணைச் சுற்றியிருந்த கயிறு வழுக்கி மேலே ஏறியது. மார்புவரை தூக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு தலைக்கு மேலே தூக்கினான். தூக்கிப் பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான்.

“உள்ள வா ஒட்டிலி,” என்றான்.

அவள் கயிற்றைப் பார்த்தாள். உள்ளே மாடுகளைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பார்த்தாள். இப்போது அது உண்மையாகவே நடுங்கியது. அவன் முகத்தில் வியர்வை வழிந்தது, முழங்கை மடங்கிக் கீழே வரப் பார்த்தது.

“எறக்காத அலோய்ஸ்,” என்றாள் ஒட்டிலியா. “இன்னும் நான் பாத்து முடிக்கல.”